விசிறி காற்றைக் குளிர்விப்பதில்லை

வெளியே 32 டிகிரி செல்சியஸ். அலுவலகத்துக்குள் பலர் ஸ்வெட்டர் அணிந்து வேலை செய்கிறார்கள். சிங்கப்பூரில் இது பழகிப்போன காட்சி. ஊழியர்களுக்கு மன அமைதி தரும் அலுவலகம் என்றதும் மென்மையான வண்ணம், தொட்டிச் செடி என்றுதான் பலர் யோசிக்கிறார்கள். அவை நல்லவையே. ஆனால், குளிரில் விரல் விறைத்திருப்பவருக்குச் செடியைப் பார்த்து அமைதி வந்துவிடாது.

ஏன் இவ்வளவு குளிர்? நம் ஊர்க் காற்றில் ஈரப்பதம் அதிகம். குளிர்சாதனம் காற்றைக் குளிர்ந்த குழாய்களின்மேல் செலுத்தி, நீராவியைத் துளிகளாக்கி நீக்குகிறது. அந்த முயற்சியில் காற்று தேவைக்கு மேல் குளிர்ந்துவிடுவதுண்டு.

இன்னொரு காரணம் பழைய கணக்கு. அலுவலக வெப்பநிலையை முடிவுசெய்ய உதவும் கணக்குமுறை 1960களில் உருவானது. உடல் எவ்வளவு வெப்பத்தை வெளியிடும் என்பதற்கு 40 வயது, 70 கிலோ எடையுள்ள ஓர் ஆணின் அளவே அதில் பயன்பட்டது. பெண்களைப் பொறுத்தவரை அது 35 விழுக்காடு வரை கூடுதலாக இருக்கலாம் என்று 2015ல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் இருவர் எழுதினர். அலுவலகத்தில் குளிர்கிறது என்று சொல்லும் உங்கள் அக்கா மிகைப்படுத்தவில்லை. அந்தக் கணக்கில் அவர் இல்லை.

சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் 2019ல் திறந்த ‘எஸ்டிஇ4’ என்ற ஆறு மாடிக் கட்டடம் வேறு வழியில் செல்கிறது. அங்கே வெளிக்காற்றை ஓரளவு மட்டும் குளிர்வித்து, ஈரத்தைக் குறைத்து அறைகளுக்கு அனுப்புகிறார்கள். மீதி வேலை மின்விசிறிக்கு. விசிறி காற்றின் வெப்பநிலையைக் குறைப்பதில்லை. தோலை ஒட்டி நிற்கும் வெதுவெதுப்பான, ஈரமான காற்றை அது விலக்குகிறது. அதனால் வியர்வை விரைவாக ஆவியாகிறது. ஒரு கிராம் வியர்வை ஆவியாக ஏறத்தாழ 2,400 ஜூல் வெப்பம் தேவை. அதில் பெரும்பகுதி நம் உடலிலிருந்துதான் போகிறது.

லிட்டில் இந்தியாவின் பழைய கடைவீடுகளிலும் காற்றோட்டத்துக்கு வழி இருந்தது. நடுவில் வானம் பார்த்த முற்றம், முன்னால் நிழல் தரும் ஐந்தடி நடைபாதை. முற்றம் வழியாக வெப்பக்காற்று மேலே போக, நடைபாதைப் பக்கமிருந்து காற்று உள்ளே வரும். அப்படிப்பட்ட கடைவீட்டை அலுவலகமாக்கி, முற்றத்தை மூடிக் குளிர்சாதனம் மாட்டுவது, இலவசமாகக் கிடைப்பதைத் தள்ளிவிட்டுக் காசு கொடுத்து வாங்குவதுபோல எனக்குத் தோன்றுகிறது.

பள்ளி ஆய்வகத்தில் இதைச் சோதித்துப் பாருங்கள். இரண்டு வெப்பமானிகளில் ஒன்றின் குமிழை ஈரத் துணியால் சுற்றி, இரண்டையும் விசிறி முன் வையுங்கள். உலர்ந்தது ஏறக்குறைய அப்படியே நிற்கும், ஈரமானது இறங்கும். மழை பெய்த பிற்பகலில், வெளியே மீண்டும் செய்யுங்கள். இறக்கம் குறைவாக இருக்கும். விசிறியை மட்டும் நம்பாமல், எஸ்டிஇ4ல் முதலில் ஈரத்தைக் குறைப்பது இதனால்தான்.