பள்ளிக்கூடத்தில் போலீசார்

“போலீஸ்காரர் வருகிறார்” என்று அச்சுறுத்திக் குழந்தைக்குச் சோறூட்டும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. அந்தப் போலீஸ்காரரே நாள்தோறும் காலையில் பள்ளி வாயிலில் நின்று, பிள்ளைகளைப் பெயர் சொல்லி அழைத்து உள்ளே அனுப்புவாராயின் எப்படி இருக்கும்? அமெரிக்க ஐக்கிய நாட்டில் இது கற்பனையன்று. அங்கே ஏறத்தாழப் பாதிப் பொதுப் பள்ளிகளில் துப்பாக்கி ஏந்திய போலீஸ் அலுவலர் பணியாற்றுகிறார். நாம் வாட்ச்மேன் என்று அழைக்கும் காவற்காரர் அல்லர் இவர். கைது செய்யவும், வழக்குத் தொடுக்கவும், கைவிலங்கு பூட்டவும் முழு அதிகாரம் பெற்றவர். ‘ஸ்கூல் ரிசோர்ஸ் ஆபீசர்’ என்பது அவருக்கு அந்நாட்டார் இட்ட பெயர். பெயரில் போலீஸ் என்ற சொல்லே இல்லை என்பதை முதலிலேயே குறித்துக்கொள்வோம்.

இந்த அலுவலர் பள்ளியில் யாருடைய ஆள்? ஆசிரியருக்குத் துணைவரா, அரசின் கையா? கேள்வி எளியதாகத் தோன்றும். ஆனால் அந்நாட்டு நீதிமன்றங்கள் நாற்பது ஆண்டுகளாக இதற்கு விடை தேடி வருகின்றன.

இம்முறை பிறந்த ஊர் மிச்சிகன் மாநிலத்துப் ஃபிளின்ட் நகரம் என்பர். மோட்டார் வண்டித் தொழிலால் வளர்ந்த ஊர் அது. 1950-களில் அங்கே போலீஸ் அலுவலர்களைப் பள்ளியிலேயே அமர்த்தினார்கள். அன்று பள்ளியில் துப்பாக்கிச் சூடு என்ற பேச்சே இல்லை. இளைஞர் தீய வழியில் செல்லுமுன் தடுக்க வேண்டும், அவர்களுக்குப் போலீசார்மீது நல்லெண்ணம் உண்டாக வேண்டும் என்பவையே நோக்கம். நோக்கத்தில் குறை காண்பதற்கில்லை. 1960-களில் அரிசோனா மாநிலத்து டூசான் நகரமும் இவ்வழியில் சென்றது. பிறகு நெடுங்காலம் இது சில ஊர்களின் ஏற்பாடாகவே இருந்தது.

நாடெங்கும் பரவியது 1990-களில். பள்ளிக்குத் துப்பாக்கி கொண்டுவரும் மாணவனை ஓராண்டேனும் நீக்க வேண்டும் என்று 1994-இல் மத்தியச் சட்டம் வந்தது. 1999 ஏப்ரல் 20 அன்று கொலராடோ மாநிலத்துக் கொலம்பைன் உயர்நிலைப் பள்ளியில் இரு மாணவர் சுட்டதில் 12 மாணவரும் ஓர் ஆசிரியரும் மாண்டனர். பெற்றோரின் அச்சத்திற்கு அரசு பணத்தால் விடையளித்தது. 1999 முதல் 2005 வரை மத்திய அரசு 75 கோடி டாலருக்கு மேல் வழங்கி, 6,500-க்கும் மேற்பட்ட அலுவலர்களைப் பள்ளிகளில் அமர்த்தத் துணை நின்றது. கொலம்பைன் பள்ளியில் அன்றே ஓர் அலுவலர் இருந்தார், அவர் கொலைஞரை நோக்கிச் சுடவும் செய்தார் என்பது இந்த அவசரத்தில் பலர் நினைவிற்கு வரவில்லை.

இவ்வலுவலருக்குச் சம்பளம் எங்கிருந்து வருகிறது என்பது ஊருக்கு ஊர் வேறுபடும். பெரும்பாலும் அவர் நகரப் போலீசையோ மாவட்ட ஷெரீபையோ சேர்ந்தவர். கட்டளையும் அங்கிருந்தே வரும். தலைமையாசிரியர் அவருக்கு மேலதிகாரி அல்லர். பள்ளி நிருவாகமும் போலீசும் ஓர் உடன்படிக்கை எழுதிக்கொள்வது முறை. லாஸ் ஏஞ்சலீஸ் போன்ற சில இடங்களில் பள்ளி நிருவாகமே தனக்கெனப் போலீஸ் படை வைத்திருக்கிறது.

இவர்களுக்கென 1991-இல் ஒரு தேசியச் சங்கம் தோன்றியது. அது இவர்தம் பணியை மூன்றாக வகுக்கிறது. சட்டத்தை விளக்கிப் பாடம் சொல்லுதல் ஒன்று. மாணவர் குறை கேட்டு அறிவுரை கூறுதல் மற்றொன்று. சட்டத்தை நிலைநாட்டுதல் மூன்றாவது. முதற்பணியால் தீங்கில்லை. இரண்டாவதும் மூன்றாவதும் ஒரே மனிதரிடம் சேரும்போதுதான் சிக்கல் எழுகிறது. தந்தை குடித்துவிட்டு அடிக்கிறார் என்றோ, நண்பன் பையில் கத்தி இருக்கிறது என்றோ ஒரு சிறுவன் நம்பிச் சொல்கிறான் என்று வைத்துக்கொள்வோம். கேட்டவர் போலீஸ் அலுவலராயின் அச்சொல் அன்று மாலையே அறிக்கையாகலாம். சிறுவன் யாரிடம் பேசினான்? தோளில் கைபோட்ட அண்ணனிடமா, இடுப்பில் விலங்கு வைத்திருந்தவரிடமா? இரண்டும் ஒருவரே என்பது அவனுக்குப் பிறகுதான் தெரியும்.

இது வெறும் வாதமன்று என்பதற்கு ஒரு வழக்கைச் சற்று விரிவாகவே பார்க்கலாம். 2005-இல் வட கரோலினா மாநிலத்துச் சேப்பல் ஹில் நகரில் நிகழ்ந்தது இது. இரண்டு வீடுகளில் புகுந்து திருடியதாக ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன்மீது ஐயம் விழுந்தது. வயது 13. சமூகவியல் வகுப்பில் அமர்ந்திருந்தவனைப் பள்ளிப் பணியில் இருந்த சீருடை அலுவலர் வந்து அழைத்துச் சென்றார். ஓர் அறை; கதவு மூடப்பட்டது. உள்ளே விசாரணை அலுவலரும், துணைத் தலைமையாசிரியரும், வேறொருவரும் இருந்தனர். முப்பது நாற்பது நிமிடம் கேள்விகள் தொடர்ந்தன. அவனுக்குப் பாதுகாவலர் பாட்டியார், அவருக்குச் சொல்லியனுப்பவில்லை. வாய் திறவாதிருக்க உனக்கு உரிமை உண்டு என்று எவரும் எடுத்துச் சொல்லவில்லை. நல்லதைச் செய்துவிடு, உண்மை தானே வெளிப்படும் என்று துணைத் தலைமையாசிரியர் வற்புறுத்தினார். சிறையில் வைக்க நேரலாம் என்ற பேச்சும் வந்தது. சிறுவன் ஒப்புக்கொண்டான். விரும்பினால் பதில் சொல்லாமல் போகலாம் என்பது அதன்பிறகே அவனுக்குச் சொல்லப்பட்டது! பள்ளி விடும் மணி அடித்ததும் பஸ் ஏற அவனை விட்டுவிட்டார்கள்.

போலீசார் ஒருவரைக் காவலில் வைத்து விசாரிக்கையில் அவருடைய உரிமைகளை முதலில் அறிவித்தல் வேண்டும் என்பது 1966-ஆம் ஆண்டு மிராண்டா வழக்கில் நிறுவப்பட்ட விதி. ஆகவே, அச்சிறுவன் அவ்வறையில் ‘காவலில்’ இருந்தானா என்பதே வழக்கு. கதவு பூட்டப்படவில்லை, கை கட்டப்படவில்லை. எழுந்து போயிருக்கலாமே என்றது அரசுத் தரப்பு. பதின்மூன்று வயதுப் பிள்ளை, ஆசிரியரும் போலீசும் அமர்ந்திருக்கும் அறையிலிருந்து “நான் போகிறேன்” என்று எழுந்து போகுமா? நம்மில் எவரேனும் அவ்வயதில் தலைமையாசிரியர் அறையிலிருந்து அப்படி எழுந்து வந்ததுண்டா? 2011-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், ஐவர் ஒருபுறமும் நால்வர் மறுபுறமுமாகப் பிரிந்து, வயதையும் கருத்தில் கொண்டே காவலை முடிவு செய்தல் வேண்டும் எனத் தீர்ப்பளித்தது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி சோட்டோமேயர். கூடைப்பந்து ஆட்டம் பார்க்கப் பள்ளிக்கு வந்த ஊர்க்காரர் நிலை வேறு, வருகையே கட்டாயமாகவும் கீழ்ப்படியாமை தண்டனைக்குரியதாகவும் உள்ள மாணவன் நிலை வேறு என்று அவர் பிரித்துக் காட்டுகிறார். தீர்ப்பின் உயிர்நாடி அதுதான் என்பது என் எண்ணம்.

இதற்கு முன்னரே, 1985-இல், வேறொரு தீர்ப்பு வந்திருந்தது. நியூ ஜெர்சி மாநிலத்தில் 14 வயது மாணவி ஒருத்தி கழிவறையில் புகைபிடித்ததாகக் குற்றம் சாட்டப்பட்டாள். துணைத் தலைமையாசிரியர் அவள் கைப்பையைச் சோதித்தார். போலீசாருக்கு வேண்டிய அளவு வலுவான காரணம் ஆசிரியருக்கு வேண்டியதில்லை, நியாயமான ஐயம் இருந்தாற் போதும் என்றது உச்ச நீதிமன்றம். ஆசிரியர் போலீஸ் அல்லர் அன்றோ? அந்தச் சலுகைக்குக் காரணமும் அதுவே. போலீசாரோடு சேர்ந்து சோதித்தால் என்ன ஆகும் என்பதை நீதிபதிகள் அன்று தொடாமல் விட்டார்கள். பின்னர் வந்த பல கீழ்நீதிமன்றங்கள், பள்ளியில் பணியாற்றும் போலீஸ் அலுவலருக்கும் ஆசிரியர்க்குரிய அந்தச் சலுகையையே அளித்துவிட்டன. தெருவில் செய்ய இயலாத சோதனையைப் பள்ளிக்குள் அவர் செய்யலாம் என்றாயிற்று. சோதிக்கும்போது ஆசிரியர், கைது செய்யும்போது போலீஸ்!

பள்ளிக் குறும்பு எப்போது குற்றமாகிறது என்பதற்குத் தென் கரோலினா நல்ல சான்று. பெண்கள் பயிலும் கல்லூரிகளில் வெளி ஆடவர் புகுந்து தொல்லை தராதிருக்க 1919-இல் அங்கே ஒரு சட்டம் செய்தார்கள். காலப்போக்கில் அது விரிந்து, பள்ளியில் இடையூறு செய்யும் மாணவர்மீதே பாய்ந்தது. 2015 அக்டோபரில் அம்மாநிலப் பள்ளி ஒன்றில், கைப்பேசியைத் தர மறுத்த மாணவியை அலுவலர் இருக்கையோடு கவிழ்த்து, வகுப்பறைத் தரையில் இழுத்தெறிந்தார். அதைப் படம் பிடித்ததை நாடே பார்த்தது. அவர் வேலை இழந்தார். ஆனால் அந்த மாணவியும், அதை எதிர்த்துக் குரல் எழுப்பிய மற்றொரு மாணவியும் அதே 1919-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழிவந்த பிரிவில் கைதாயினர். பெண்களைக் காக்க எழுந்த சட்டம் பெண்பிள்ளைகளையே பிடித்தது. 2018-இல் மாணவருக்கு அது பொருந்தாதவாறு திருத்தினார்கள்.

கைதாவோர் யார்? 2015-16 கல்வி ஆண்டில் மாணவர் தொகையில் கறுப்பினத்தார் 15 விழுக்காடு. போலீசாரிடம் ஒப்படைக்கப்பட்டோரிலும் கைதானோரிலும் அவர்கள் 31 விழுக்காடு. இஃது அரசே வெளியிட்ட கணக்கு. டெக்சாஸ் மாநிலத்தில் இத்தகைய மத்திய நிதி பெற்ற பள்ளிகளை ஆராய்ந்து 2019-இல் வெளிவந்த கட்டுரை ஒன்று, நடுநிலை வகுப்புகளில் தண்டனை 6 விழுக்காடு கூடியதென்றும், பின்னாளில் உயர்நிலைப் படிப்பை முடிப்போர் 2.5 விழுக்காடு குறைந்தனர் என்றும் கண்டது. அங்கே பல பள்ளிகளில் போலீஸ் உண்டு. மனநல ஆலோசகரோ, செவிலியரோ, சமூகப் பணியாளரோ ஒருவரும் இல்லை.

ஆயினும் மறுபக்கத்தையும் நோக்குதல் நேர்மை. 2018 மே மாதம் இலினாய் மாநிலத்து டிக்சன் நகரில், பட்டமளிப்பு ஒத்திகையின்போது துப்பாக்கியோடு வந்தவனைப் பள்ளி அலுவலர் துரத்திச் சுட்டு வீழ்த்தினார். மாணவர் எவருக்கும் தீங்கில்லை. அவ்வூர்ப் பெற்றோரிடம் போய்ப் பள்ளியில் போலீஸ் வேண்டாம் என்று யார் சொல்ல இயலும்? ஆனால் அதே ஆண்டு பிப்ரவரியில் ப்ளோரிடாவின் பார்க்லாந்தில் 17 பேர் மாண்டபோது, பள்ளி அலுவலர் கட்டடத்தின் வெளியே நின்றுவிட்டார். கடமை தவறினார் என்ற வழக்கில் 2023-இல் ஜூரிகள் அவரை விடுவித்தனர். 2022 மே 24 அன்று டெக்சாஸின் யுவால்டியில் 19 குழந்தைகளும் 2 ஆசிரியைகளும் கொல்லப்பட்டனர். அவ்வூர்ப் பள்ளிகளுக்குத் தனிப் போலீஸ் படையே இருந்தது. வந்து குவிந்த போலீசார் 376 பேர். கொலைஞனை அவர்கள் வீழ்த்தியதோ 77 நிமிடம் கழித்து.

2020-இல் மினியாபொலிஸ் நகரில் ஜார்ஜ் பிளாயிட் போலீசாரால் கொல்லப்பட்டபின், பல நகரங்கள் பள்ளிகளிலிருந்து போலீசை விலக்கின. டென்வர் அவற்றுள் ஒன்று. 2023 மார்ச் மாதம் அங்கே, நாள்தோறும் சோதனைக்கு உட்பட வேண்டியிருந்த ஒரு மாணவன், சோதித்த பள்ளி அலுவலர் இருவரைச் சுட்டான். உடல் சோதனை செய்யும் வேலை, போலீஸ் இல்லாத பள்ளியில் கல்வியாளர் தலையில் விழுந்திருந்தது. அவ்வாண்டு ஜூனில் டென்வர் கல்விக் குழு போலீசைத் திரும்ப அழைக்க வாக்களித்தது. போலீசை விலக்கியவர்கள் அவர் செய்துவந்த வேலையை யார் செய்வது என்று முன்னரே முடிவு செய்யவில்லை.

நம் நாட்டு நிலை என்ன? இங்கே பள்ளிக்குள் போலீசை அமர்த்தும் வழக்கம் இல்லை. கேரளத்தில் 2010 ஆகஸ்டு 2 அன்று 127 பள்ளிகளில் மாணவர் போலீஸ் படை தொடங்கிற்று. 2018-இல் மத்திய அரசு அதை நாடெங்கும் விரித்தது. அத்திட்டத்தில் போலீசார் பள்ளிக்கு வருகிறார்கள், அணிவகுப்பு கற்பிக்கிறார்கள், போகிறார்கள். பொறுப்பேற்று நடத்துவோர் பள்ளி ஆசிரியரே. விருந்தினராய் வருவதும் குடியிருப்பதும் ஒன்றல்ல. ஆகவே இதை அமெரிக்க முறையோடு சேர்த்துப் பேசுவது பிழை என்பேன்.

நம் சட்டம் இதனினும் வேறான வழியில் சிந்தித்திருக்கிறது. 2015-ஆம் ஆண்டு இளஞ்சிறார் நீதிச் சட்டத்தின்படி ஒவ்வொரு போலீஸ் நிலையத்திலும், உதவிச் சப் இன்ஸ்பெக்டருக்குக் குறையாத ஒருவர் குழந்தை நல அலுவலராக இருத்தல் வேண்டும். 2016-ஆம் ஆண்டு விதிகள், பிள்ளைகளோடு பழகும்போது அவர் சீருடை அணியலாகாது என்கின்றன. கைவிலங்கு கூடாது, லாக்கப்பில் வைக்கலாகாது, குற்றத்தை ஒப்புக்கொள்ளுமாறு வற்புறுத்தலாகாது, பெற்றோருக்கு உடனே தெரிவிக்க வேண்டும். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் 2012-ஆம் ஆண்டுச் சட்டமும், குழந்தையின் வாக்குமூலத்தைப் பதிவு செய்பவர் சீருடையில் இருத்தலாகாது என்றே விதிக்கிறது. இவற்றுக்கெல்லாம் மேலாக, போலீஸ் அலுவலரிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் சான்றாகாது என்பது வெள்ளையர் காலத்துச் சாட்சியச் சட்டத்திலிருந்து நமக்கு வந்த விதி. 2023-ஆம் ஆண்டுப் புதிய சட்டத்திலும் அது நிற்கிறது. சேப்பல் ஹில் சிறுவன் நம் நாட்டுப் பள்ளி ஒன்றில் அவ்வாறே ஒப்புக்கொண்டிருந்தால், அந்த ஒப்புதலை வைத்து அவன் குற்றத்தை நிறுவ இயலாது. திருட்டுப் பொருள் இருக்குமிடத்தை அவன் காட்டிக்கொடுத்திருந்தால், அந்த அளவிற்கு மட்டும் அது செல்லும்.

ஏட்டில் உள்ளது எல்லா நிலையத்திலும் நடக்கிறதா என்பது வேறு பேச்சு. தம் ஊர் நிலையத்தில் குழந்தை நல அலுவலர் யார் என்று எத்தனை தலைமையாசிரியர் அறிவர்? அவர் பெயரும் தொலைபேசி எண்ணும் நிலைய வாயிலில் எழுதி வைக்கப்பட வேண்டியவை. அடுத்த விடுமுறையில் ஊருக்குச் செல்லும் மன்றத்து நண்பர்கள், தாம் படித்த பள்ளிக்கு அருகில் உள்ள நிலையத்தின் பலகையை ஒருமுறை பார்த்துவிட்டு வரலாம்.