இரு செவிக்கு ஒரு பாதை

(பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி)

கண்ணைக் கட்டிவிட்டாலும் நம்மை அழைப்பவர் இடப்புறம் இருக்கிறாரா வலப்புறம் இருக்கிறாரா என்று சொல்லிவிடுகிறோம். கண்ணாமூச்சி ஆட்டமே இதை நம்பித்தான் நடக்கிறது. ஆனால் ஒரு காதை விரலால் நன்றாக அடைத்துக்கொண்டு ஆடிப் பாருங்கள். கை தட்டுபவள் எந்தப் பக்கம் நிற்கிறாள் என்பதே குழம்பிப்போகும். ஒலியின் திசையை நன்கு அறிய இரு செவிகளும் வேண்டும். அப்படியானால் வானொலியிலும் திரைப்படத்திலும் ஒலியைத் திசையோடு கேட்க விரும்பினால் குறைந்தது இரண்டு ஒலிகளை அனுப்பியாக வேண்டும். திரையரங்கு என்றால் ஐந்தாறு. அனுப்பும் பாதையோ ஒன்றே ஒன்று, அதுவும் குறுகலானது. இந்தச் சிக்கலை அறிஞர்கள் எவ்வாறு தீர்த்தனர் என்பதைக் காண்போம்.

1881-ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் ஒரு மின்சாரக் கண்காட்சி நடந்தது. கிளெமான் அதேர் என்ற பிரெஞ்சுப் பொறியாளர், இசை நாடக அரங்கின் மேடை ஓரத்தில் தொலைபேசிக் கருவிகளை வரிசையாகப் பொருத்தி, கண்காட்சிக் கூடம் வரை கம்பி இழுத்தார். கேட்பவர் காதுக்கு ஒன்றாக இரண்டு குழல்களை வைத்துக்கொள்ள வேண்டும். பாடகர் மேடையில் நடப்பது கூடச் செவிக்குப் புலப்பட்டதாம்! அருமையான ஏற்பாடுதான். ஆனால் ஒவ்வொருவருக்கும் இரண்டு இணைப்புகள் தேவைப்பட்டன. ஊர் முழுவதற்கும் இப்படிச் செய்யக் கட்டுபடியாகுமா?

வழி பிறந்தது நம் தலையிலிருந்துதான். ஒலி, காற்றில் நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் செல்கிறது என்பதை இயற்பியல் பாடத்தில் படித்திருக்கிறோம். இடப்புறத்து ஒலி இடக் காதை முதலில் அடைந்து, வலக் காதைச் சற்றுப் பிந்தி அடைகிறது. இந்தத் தாமதம் மிக அதிகமாகப் போனாலும் ஒரு நொடியை ஆயிரம் கூறாக்கினால் அதில் ஒரு கூறுக்கும் குறைவே. மேலும், தலை மறைப்பதால் வலக் காதில் ஒலி சிறிது மங்கிக் கேட்கும். கனத்த ஒலிகளுக்குக் கால வித்தியாசமும், கீச்சென்ற ஒலிகளுக்கு வலிமை வித்தியாசமும் திசை காட்டுகின்றன என்று ராலே பிரபு 1907-இல் விளக்கினார். நொடிக்கு 100 அதிர்வுகள் உள்ள ஒலியின் அலைநீளம் 3.4 மீட்டர். அவ்வளவு நீண்ட அலைக்கு நம் சிறிய தலை ஒரு தடையே அல்ல; சுற்றி வளைந்து போய்விடும். ஆக, திசைக்காக மூளை நாடுவது இரு காதுகளுக்கும் இடையே உள்ள வித்தியாசத்தைத்தான். இதை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள், தோழியரே. மற்றவை எல்லாம் இதிலிருந்தே வருகின்றன.

இங்கிலாந்தின் ஈ.எம்.ஐ. நிறுவனப் பொறியாளர் ஆலன் பிளம்லைன் 1931-இல் இரு செவி ஒலிப்பதிவுக்குக் காப்புரிமை கோரினார். இடம், வலம் என்னும் இரண்டு ஒலிகளைக் கூட்டலாகவும் கழித்தலாகவும் மாற்றிக் கையாளும் முறை அதில் இருந்தது. ஒரு கணத்தில் இடப்புற ஒலியின் அளவு 9 என்றும் வலப்புற ஒலியின் அளவு 7 என்றும் வைத்துக்கொள்வோம். கூட்டினால் 16, கழித்தால் 2. இந்த 16-ஐயும் 2-ஐயும் அனுப்பினால் போதும். பெறுபவர் இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் 9 கிடைக்கும்; கழித்துப் பாதியாக்கினால் 7 கிடைக்கும். எதுவும் தொலையவில்லை. இரண்டு பக்கமும் பெரும்பாலும் ஒரே பாட்டைத்தான் ஒலிக்கின்றன என்பதால் வித்தியாசம் பெரும்பாலும் சிறிய எண்ணாகவே இருக்கும். சிறிய எண்ணுக்குச் சிறிய இடம் போதும். பிளம்லைன் 1942-இல் ராடார் சோதனைக்காகப் பறந்தபோது விமானம் விழுந்து இறந்தார். அப்போது அவருக்கு வயது 38.

இந்தக் கணக்கின் பெரிய நன்மை வேறொன்று. அமெரிக்காவில் 1961-இல் எஃப்.எம். ஸ்டீரியோ ஒலிபரப்பு தொடங்கியபோது, கூட்டிய ஒலியை வழக்கமான இடத்திலேயே வைத்தார்கள். வித்தியாசத்தை மட்டும் நொடிக்கு 38,000 அதிர்வுள்ள துணை அலையில் ஏற்றி, செவிக்கு எட்டாத உயரத்தில் அனுப்பினார்கள். உடன் செல்லும் 19,000 அதிர்வுள்ள மெல்லிய ஒலி, “இங்கே வித்தியாசமும் இருக்கிறது” என்று புதிய பெட்டிக்கு அறிவிக்கும். ஒற்றை ஸ்பீக்கர் உள்ள பழைய பெட்டி அதைக் கண்டுகொள்ளாமல் கூட்டலை மட்டும் ஒலிக்கும். என் பாட்டியின் ரேடியோவில் ஒரே ஒரு ஸ்பீக்கர்தான். வெறும் இடப்புற ஒலியை மட்டும் அங்கே அனுப்பியிருந்தால் வலப்புறம் நிற்கும் வயலின்காரர் பாட்டிக்குக் கிடைக்காமலே போயிருப்பார். வசதி உள்ளவருக்குத் திசையைக் கொடுப்பதற்காக வசதி இல்லாதவரிடமிருந்து பாட்டைப் பறிக்காத முறை இது. எனக்கு இதில் மிகவும் பிடித்தது இதுவே.

திரைப்படத்தில் இது இன்னும் கடினமாயிற்று. 1977-இல் வெளிவந்த ‘ஸ்டார் வார்ஸ்’ படச்சுருளில் இரண்டே ஒலிக்கோடுகளுக்குள் இடம், வலம், நடு, பின்புறம் என நான்கையும் கலந்திருந்தார்கள். நடு ஒலி இரு கோடுகளிலும் ஒன்றுபோல் இருக்கும். பின்புற ஒலி ஒன்றுக்கொன்று எதிர்மாறாக இருக்கும். இங்கு ஒரு நஷ்டம் உண்டு: இரண்டையும் கூட்டி ஒரே ஸ்பீக்கரில் கேட்டால் பின்புற ஒலி மறைந்துவிடும். பேச்சை நடுவில் வைத்ததால் கதையாவது தப்பியது!

1992-இல் ‘பேட்மேன் ரிடர்ன்ஸ்’ படத்தோடு டால்பி டிஜிட்டல் வந்தது. ஐந்து ஒலிகளும், இடிபோன்ற கனத்த ஒலிக்கென ஆறாவதும் எண்களாக மாற்றப்பட்டன. வைக்க இடம்? படச்சுருள் ஓரத்தில் பற்சக்கரம் பிடிப்பதற்கான துளைகள் உள்ளன அல்லவா, ஒரு துளைக்கும் அடுத்த துளைக்கும் இடையே உள்ள சிறு கட்டத்தில் வைத்தார்கள். நொடிக்கு 48,000 மாதிரிகள், மாதிரிக்கு 16 பிட் என்றால் ஐந்து ஒலிகளுக்கு மட்டுமே நொடிக்கு 38,40,000 பிட் வேண்டும். கிடைத்ததோ 3,20,000, பன்னிரண்டில் ஒரு பங்கு. தவில் ஓங்கி ஒலிக்கும் கணத்தில் பக்கத்தில் இருப்பவளின் முணுமுணுப்பு நம் காதில் விழாது. அவ்வாறு மறைந்துபோகும் ஒலிகளுக்கு இடம் தராமல் சுருக்கினார்கள். கீச்சொலிகளில் எல்லாச் சானல்களையும் ஒன்றாகக் கலந்து, ஒவ்வொன்றின் வலிமையை மட்டும் தனியே குறித்துக்கொள்ளவும் இம்முறையில் வழி உண்டு. ராலே சொன்னதுதான்! பழைய ஒலிக்கோடுகளையும் அழிக்காமல் விட்டிருந்தார்கள். எண்களைப் படிக்க முடியாமல் போனால் கருவி தானாகவே அந்தக் கோடுகளுக்கு மாறிவிடும்.

இக்காலத்து முறைகள் இன்னும் துணிச்சலானவை. குறுந்தகட்டில் இரண்டு ஒலிகளுக்கு நொடிக்கு 14,11,200 பிட் ஆகும். கைப்பேசிக்கும் டிஜிட்டல் வானொலிக்கும் 32,000 பிட்டுக்குள் அனுப்ப வேண்டியிருந்தால்? வித்தியாசத்தை ஒலியாக அனுப்புவதையே கைவிட்டார்கள். ஒரே ஒரு கூட்டிய ஒலி, அதனுடன் சிறு குறிப்புகள், அவ்வளவே. ஒலியைக் கனத்ததிலிருந்து கீச்சு வரை பல பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொரு பட்டையிலும் எந்தப் பக்கம் வலிமை அதிகம், எந்தப் பக்கம் முந்துகிறது, இரு பக்கமும் ஒன்றையொன்று எவ்வளவு ஒத்திருக்கின்றன என்று குறித்து அனுப்புவார்கள். மூன்றாவது குறிப்பு இல்லாவிட்டால் நாற்பது பேர் பாடும் சேர்ந்திசை ஒரே புள்ளியில் குவிந்து, ஒருத்தி பாடுவதுபோல் ஆகிவிடும். ஆகவே பெறும் கருவி, வந்த ஒலியிலிருந்தே சற்றுக் கலைந்த நகல் ஒன்றைத் தயாரித்து, குறிப்பு சொல்லும் அளவுக்குக் கலந்து, பாட்டைப் பரப்பித் தருகிறது. சமையற்குறிப்பு அனுப்பி, அங்கேயே சமைத்துக்கொள்ளச் சொல்வதுபோல! 2007-இல் தர விதியாக வந்த எம்பெக் சரவுண்ட் இதையே ஐந்து ஸ்பீக்கருக்கும் விரித்தது. சாதாரண ஸ்டீரியோ ஒலியை அனுப்பி, ஓரத்தில் குறிப்புகளைச் சேர்ப்பார்கள். குறிப்பைப் படிக்கத் தெரியாத பழைய கருவி ஸ்டீரியோவாகவே ஒலிக்கும். இங்கும் பாட்டி கைவிடப்படவில்லை.

ஆனால் இம்முறையைத் திணறடித்த ஓர் ஒலி உண்டு. அது கைதட்டல். அரங்கில் நூற்றுக்கணக்கானோர் தட்டும்போது ஒவ்வொரு தட்டும் ஒரு கணமே நீடிக்கிறது, ஒவ்வொன்றும் வேறு வேறு இடத்திலிருந்து வருகிறது. ஒரு குறிப்பு எழுதி முடிவதற்குள் பல தட்டல்கள் நடந்துவிடும். கலைந்த நகலைச் சேர்த்தால் தனித்தனித் தட்டல்கள் குழைந்து, வாணலியில் அப்பளம் பொரிவதுபோல் கேட்கும். இதற்காகவே 2012-இல் வெளிவந்த அடுத்த தர விதியில், கைதட்டல் போன்ற திடீர் ஒலிகளை மற்றவற்றிலிருந்து பிரித்து, அவற்றுக்குத் தனிக் குறிப்பு அனுப்பும் வழியைச் சேர்த்திருக்கிறார்கள்.