எலுமிச்சைக்குப் பனி பழகுமா?

அரும்பாவூரில் மரச்சிற்பப் பட்டறைகள் இருக்கும் தெருவில் மாலை வேளையில் சற்று நேரம் உட்கார்ந்தால், வாகனம் செய்ய வாகை நல்லதா வேம்பு நல்லதா என்ற பேச்சு ஓய்ந்து, கொல்லைச் செடிகளைப் பற்றிய பேச்சு தொடங்கிவிடும். அந்தப் பேச்சில் சில வருஷங்களாக என் காதில் விடாமல் விழுந்துகொண்டிருக்கும் ஒரு தவறான அபிப்பிராயத்தைப் பற்றி இனியும் எழுதாமலிருப்பது, தோட்டக்கலையில் காலத்தைக் கழித்த எனக்கு அழகல்ல என்று தோன்றுகிறது. உதகமண்டலத்தில் உத்தியோகம் பார்க்கும் மகனுக்கோ, குளிர்தேசத்தில் குடியேறிவிட்ட மகளுக்கோ இங்கிருந்து எலுமிச்சை விதையையும் கன்றையும் கொடுத்தனுப்புகிறவர்கள் எல்லாரும் ஒரே வாய்ப்பாடாகச் சொல்கிறார்கள்: "சின்னக் கன்றாக இருக்கும்போதே பனியில் வைத்துவிட்டால் பழகிவிடும், அதன் விதையில் முளைப்பது இன்னும் நன்றாகத் தாங்கும், மூன்று தலைமுறை போனால் ஊட்டி எலுமிச்சை என்று ஒரு ஜாதியே உண்டாகிவிடும்." இதற்குச் சாட்சியாக, ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்ற பழமொழியையும் கூட்டி வைத்துவிடுகிறார்கள்.

அந்தப் பழமொழி பிள்ளைகளை வளர்ப்பவர்களுக்குச் சொன்னது. விதையைப் பற்றிச் சொன்னதல்ல. இதை நான் பட்டறையிலேயே ஒருநாள் விளக்க வேண்டியதாயிற்று. "பழக்கினா எதுதாங்க பழகாது?" என்று கேட்ட ஆசாரியாரிடம், "உங்கள் கையைக் காட்டுங்கள்" என்றேன். உளி பிடிக்கும் இடக்கையிலும் கொட்டாப்புளி பிடிக்கும் வலக்கையிலும், விரல்களின் அடியில், நெல்லிக்கொட்டை போல் இறுகிய காய்ப்பு. நாற்பது வருஷ உழைப்பு அது. ஆனால் அவர் வீட்டில் பிறந்த குழந்தையின் கை காய்ப்போடு பிறக்கவில்லை. மற்றக் குழந்தைகளின் கையைப் போல் பூவாகத்தான் இருந்தது. அவரே நோயில் விழுந்து நான்கு மாதம் உளியைத் தொடாமலிருந்தபோது, அந்தக் காய்ப்பும் உரிந்து போயிற்றென்று அவர் வாயாலேயே சொன்னார். எலுமிச்சை வர்க்கத்து மரங்கள் குளிருக்குப் பழகுவதென்பதும் முற்றிலும் இதே மாதிரியானதுதான்: பழக்கம் உண்டு, அது உடம்போடு சரி, பருவத்தோடு சரி; விதைக்குள் போவதில்லை.

பழக்கமே இல்லையென்று நான் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பாதி உண்மையாக இருப்பதனாலேயே இந்த வதந்தி இவ்வளவு ஆயுளோடு திரிகிறது. காற்று சுமார் 13 டிகிரிக்குக் கீழே குளிர்ந்தால் ஆரஞ்சு மரத்தின் வளர்ச்சி நின்றுவிடும். அப்படிச் சில வாரங்கள் மெல்ல மெல்லக் குளிர்ந்து வந்தால், தளிர் முற்றி, சாறு அடர்ந்து, மரம் முன்பு தாங்காத ஒன்றிரண்டு டிகிரிகளைத் தாங்கும் பக்குவத்தை அடையும். ஆனால் எந்த ஜாதி எவ்வளவு தூரம் பக்குவப்படும் என்ற எல்லை அதன் பிறப்பிலேயே வகுக்கப்பட்டிருக்கிறது. நம் எலுமிச்சையும் நாரத்தையும் 0 டிகிரிக்குச் சற்றுக் கீழே போனாலே இலை கருகிவிடும். சாத்துக்குடி வர்க்கம் இன்னும் இரண்டு மூன்று டிகிரி தாக்குப்பிடிக்கும். கமலா வர்க்கம் அதற்கும் கொஞ்சம் கூட. ஜப்பானியரின் சாத்சுமா ஆரஞ்சு நன்றாகப் பக்குவப்பட்டால் மைனஸ் ஏழு, எட்டு டிகிரி வரையில் தாங்கும். இவை எல்லாவற்றுக்கும் அப்பால், மூன்று சிற்றிலைகளோடு, உடம்பெல்லாம் முள்ளோடு, குளிர்காலம் வந்தால் இலையை முழுவதும் உதிர்த்துவிட்டு உறங்கப்போகும் சீனத்து முவ்விலை ஆரஞ்சு மைனஸ் இருபது டிகிரியையும் கண்டு பிழைத்திருக்கிறது. எலுமிச்சைக்கோ உறங்கவே தெரியாது. வருஷம் முழுவதும் துளிர்விடும் சுபாவம் அதற்கு. உறங்கத் தெரியாத மரத்தை உறைபனியில் நிறுத்திப் பழக்குவதை என்னவென்று சொல்வது?

இங்கே நம் மொழியில் ஒரு சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. அரும்பாவூரில் மார்கழி விடியலில் பச்சைமலை அடிவாரத்தை மூடுவதும் பனி. ஊட்டியில் காந்தல், தலைகுந்தா பள்ளங்களின் புல்லை ஜனவரியில் சுண்ணாம்பு தெளித்ததுபோல் வெளுக்கவைப்பதும் பனி. முன்னது நீர்த்துளி, எலுமிச்சைப் பூவைக்கூட அது நோகச் செய்யாது. பின்னது பனிக்கட்டி. நீலகிரியில் நான் வேலை பார்த்த நாட்களில், உறைபனி விழுந்த ஒரு காலையில் எலுமிச்சைக் கன்றின் இலையைக் கையில் ஏந்திப் பார்த்தேன். விடியும்போது கண்ணாடித் தகடுபோல் விறைத்திருந்தது. வெயில் ஏறியதும் எண்ணெயில் தோய்த்த காகிதத்தைப்போல் கறுத்துத் துவண்டது. நடுப்பகலில் விரலால் கசக்கினால் தேயிலைத் தூளாக உதிர்ந்தது. இலைக்குள் அணுக்களுக்கு இடையேயுள்ள நீர் முதலில் உறைந்து, அணுவுக்குள் இருக்கும் நீரையும் வெளியே உறிஞ்சிவிடுவதால், அணுவின் சவ்வு சிதைந்து போகிறது. சிதைந்த சவ்வு எதைக் கற்றுக்கொள்ளும்? செத்த திசுவுக்குப் பாடம் ஏது?

சரித்திரம் இதைவிடப் பெரிய அளவில் சாட்சி சொல்கிறது. அமெரிக்காவின் புளோரிடாவில் 1894-ஆம் ஆண்டு டிசம்பர் இறுதியில் கடும் உறைபனி விழுந்து, ஆரஞ்சு மரங்கள் இலையும் பழமும் உதிர்த்து நின்றன. ஆயினும் பெரும்பாலானவை உயிரோடிருந்தன. ஜனவரி இளஞ்சூடாக இருந்தது. மரங்கள் சாறேறித் துளிர்த்தன. தோட்டக்காரர்கள் பெருமூச்சு விட்டார்கள். 1895 பிப்ரவரி முதல் வாரத்தின் முடிவில் மறுபடியும் உறைபனி வந்தது. டிசம்பர்க் குளிரைக் கண்டு பிழைத்த அந்த மரங்கள், பழக்கம் என்ற வாதம் மெய்யாயிருந்தால், பிப்ரவரிக் குளிரை எளிதாகத் தாங்கியிருக்க வேண்டும். தாங்கவில்லை, அடிமரம் வரையில் பட்டை வெடித்து, தோப்புத் தோப்பாக மடிந்தன. இளஞ்சூடான சில வாரங்களிலேயே பக்குவம் கரைந்து போய்விட்டது. ஆசாரியாரின் காய்ப்பு நான்கு மாதத்தில் உரிந்தது போலத்தான்.

ருஷ்யாவில் பழமரங்களுக்காகவே ஆயுளைக் கொடுத்த மிச்சுரின் (1855-1935), தொடக்கத்தில் நம் ஊர்க்காரர்களைப் போலவே எண்ணித் தென்பிரதேசத்து ஜாதிகளை வடக்கின் குளிருக்குப் பழக்க முயன்று, பல வருஷங்களை இழந்தபிறகு, அந்த மார்க்கம் வீண் என்று தம் அனுபவத்தாலேயே கண்டு கைவிட்டுக் கலப்பினத்துக்குத் திரும்பினார். சோவியத் நாட்டில் பின்னர் எலுமிச்சையை எப்படி வளர்த்தார்கள் தெரியுமா? ஆளுயரத்துக்கு அகழி வெட்டி, அதன் அடியில் கன்றை நட்டு, குளிர்காலத்தில் மேலே மூடிவைத்தார்கள். பழக்கவில்லை, ஒளித்துவைத்தார்கள். கருங்கடல் கரையில் ஜார்ஜியாவின் ஆரஞ்சுத் தோப்புகள் செழித்ததும் ஜப்பானிய சாத்சுமாவை முவ்விலை ஆரஞ்சின் வேர்ச்செடியில் ஒட்டுக்கட்டியதனால்தான். சோச்சி நகரில் 1934-இல் நடப்பட்டுப் பிற்காலத்தில் நட்பு மரம் என்று பெயர்பெற்ற விருட்சமும், குளிர் தாங்கும் ஜாதியைத் தேடிப் பல எலுமிச்சை, ஆரஞ்சு வகைகளை ஒரே மரத்தில் ஒட்டுக்கட்டிய பரிசோதனையாகத் தொடங்கியதுதான்.

அப்படியானால் குளிர் தாங்கும் ஆரஞ்சை உண்டாக்கவே முடியாதா என்றால், முடியும். அதற்கு வழி பழக்கமல்ல, சேர்க்கை. புளோரிடாவின் அந்தப் பேரழிவைக் கண்ணால் கண்ட சுவிங்கிள், வெப்பர் என்ற இரண்டு விஞ்ஞானிகள், சில வருஷங்களுக்குள் சாத்துக்குடி இனத்து இனிப்பு ஆரஞ்சின் பூவில் முவ்விலை ஆரஞ்சின் மகரந்தத்தைத் தூவினார்கள். கேட்பதற்கு எளிதாக இருக்கும் இந்தக் காரியத்தில் இயற்கை ஒரு தடையை வைத்திருக்கிறது. அதைக் கண்ணால் காண ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. ஒரு கமலா ஆரஞ்சின் விதையை இரவு முழுவதும் தண்ணீரில் ஊறவைத்து, காலையில் மேல்தோலையும் உள்ளே இருக்கும் பழுப்புநிறச் சவ்வையும் நகத்தால் உரித்துப் பாருங்கள்: பிஸ்தாப் பருப்பைப்போல் இளம்பச்சையாக, ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு, பெரிதும் சிறிதுமாக இரண்டு, மூன்று, சில சமயம் அதற்கு மேலும் கருக்கள் இருக்கும். அவற்றில் மகரந்தத்தால் பிறந்தது ஒன்றாயிருக்கலாம். மற்றவை தாயின் திசுவிலிருந்தே தோன்றிய, தாயின் அச்சான நகல்கள். அந்த நகல்கள் பலம்கொண்டு, சேர்க்கையில் பிறந்ததை நசுக்கிவிடுவதும் உண்டு. (பழமொழிக்காரர்கள் மூன்று தலைமுறை விதை போட்டாலும் பெரும்பாலும் அதே தாய்தான் திரும்பத் திரும்ப முளைத்துக்கொண்டிருக்கும் என்பதற்கு இதுவே காரணம்.) ஆனால் முவ்விலையின் இலையமைப்பு சந்ததியில் மேலோங்கி நிற்கும் குணமாதலால், நாற்றங்காலில் மூன்று சிற்றிலை காட்டும் நாற்று கலப்பு என்றும், ஒற்றை இலை காட்டுவது தாயின் நகல் என்றும் பார்த்தமாத்திரத்தில் பிரித்துவிடலாம். பிரித்தெடுத்த நாற்று காய்க்க ஆறு, எட்டு, பத்து வருஷம்கூடக் காத்திருக்க வேண்டும். ஒரு தலைமுறைக்கு ஒரு தசாப்தம்! கலப்பில் பிறந்த சிட்ரேஞ்சு என்ற அந்தப் பழங்கள் குளிரைத் தாங்கின. வாயில் வைக்கத்தான் முடியவில்லை, அவ்வளவு கசப்பு. ஆயினும் 1909-இல் கலப்புச் செய்த டிராயர் என்ற ரகம், பல வருஷங்களுக்குப் பின் உலகத்தின் தலைசிறந்த வேர்ச்செடிகளில் ஒன்றாயிற்று.

மற்ற நம்பிக்கைகளுக்கு இவ்வளவு இடம் தேவையில்லை. ஆரஞ்சு குளிர்தேசத்துப் பயிர், குளிர் கூடக்கூட இனிக்கும் என்கிறார்கள். மே மாதத்தில் 45 டிகிரியைத் தொடும் நாகபுரியில்தான் இந்தியாவின் பேர்பெற்ற ஆரஞ்சு விளைகிறது, கொடைக்கானல் ஆரஞ்சு என்ற பெயரில் விற்ற பழமும் கொடைக்கானல் நகரத்தில் விளைந்ததல்ல, அதற்கு வெகு கீழே தாண்டிக்குடி, பண்ணைக்காடு சரிவுகளில் விளைந்தது. தோல் பச்சையாயிருந்தால் பழுக்கவில்லை என்கிறார்கள். இரவுகள் நன்றாகக் குளிர்ந்தால்தான் தோலின் பச்சையம் மறையும், ஆகவே சமவெளிச் சாத்துக்குடி உள்ளே பழுத்தும் வெளியே பச்சையாகவே இருக்கும். கையில் கனத்தைப் பாருங்கள், நிறத்தைப் பார்க்காதீர்கள். உறைபனி பட்டு ஆரஞ்சு மரம் புளிப்பாக மாறிவிட்டது என்று ஊட்டியிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். மரம் மாறவில்லை, மேலே ஒட்டிய கிளை செத்துவிட்டது, அடியிலிருந்து வேர்ச்செடியின் போத்து கிளம்பிக் காய்த்திருக்கிறது. குளிர்காலத்துக்கு முன் ஒட்டுக்கு மேலே ஒரு முழம் மண் அணைத்திருந்தால் கிளை பிழைத்திருக்கும். இரவில் கன்றின் தலையை மட்டும் சாக்கால் சுற்றிக் கட்டுவதும் பயனற்றது. செடிக்கு நம்மைப்போல் உடல்சூடு கிடையாது, சூடு மண்ணிலிருந்து வர வேண்டும், ஆகையால் மூடு துணி தரையைத் தொட வேண்டும், முந்தின நாள் மண் நனைந்திருக்க வேண்டும். குளிர்ந்த காற்று தண்ணீரைப்போல் பள்ளத்துக்கு ஓடுவதால், ஊட்டியில் நடுகிறவர்கள் பள்ளத்தை விட்டுச் சரிவில் நடட்டும். முவ்விலை வேர்ச்செடியில் ஒட்டிய சாத்சுமா வர்க்கம் கிடைத்தால் அதையே நடட்டும். கனடாவிலிருப்பவர்கள் தொட்டியில் வைத்து, உறைபனி தொடங்கும் முன் வீட்டுக்குள் எடுத்துவிடட்டும். கன்றையும் விதையையும் பெட்டியில் மறைத்து எல்லை தாண்டிக் கொண்டுபோகும் காரியத்தைத் தயவுசெய்து இன்றோடு நிறுத்துங்கள். அது சட்டத்துக்கு விரோதம் என்பது ஒருபுறமிருக்க, ஆரஞ்சுத் தோப்புகளை அழிக்கும் பசுமைநோய் கன்றோடு ஒளிந்துதான் பயணம் செய்கிறது.

அந்தப் பசுமைநோயைச் சொல்லும்போது, என் மனத்தில் நெடுநாளாக இருக்கும் ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். 2005-இல் அந்த நோய் புளோரிடாவில் கண்டுபிடிக்கப்பட்டு, அங்குள்ள தோப்புகள் வரிசையாக வீழ்ந்தபோது, ஓரளவு தாக்குப்பிடித்து நின்றவை வாயில் வைக்க முடியாத அந்த முவ்விலையும் அதன் கலப்புச் சந்ததிகளுந்தான். குளிருக்காகத் தேடியது நோய்க்கு உதவிற்று. உண்ண உதவாதென்று அன்றே வெட்டி எறிந்திருந்தால்? மேகாலயாவின் காரோ மலையில், நோக்ரெக் காட்டில், காட்டு ஆரஞ்சுக்கென்றே ஒரு சரணாலயம் வகுத்திருக்கிறார்கள். அறிவாளிகள் செய்த காரியம். நாமோ புதிய ஒட்டுக்கன்று வாங்கி நட இடம் வேண்டுமென்று, கொல்லையில் பாட்டி வைத்த நாரத்தையையும் கடாரங்காயையும் வேரோடு பறித்துக்கொண்டிருக்கிறோம். கரிசலின் ஈரத்தையும் கோடையின் வறட்சியையும் மாறி மாறித் தாங்கி, எவரும் மருந்து தெளிக்காமல், எவரும் உரமிடாமல் முப்பது வருஷம் நின்ற மரத்தின் வேரில் என்ன குணம் அடங்கியிருக்கிறதென்று பரிசோதிக்காமலே பறிக்கிறோம்.

எங்கள் தெருவின் கோடியில் அப்படி ஒரு கடாரங்காய் மரம், வீட்டை விரிவாக்க வேண்டி நாள் குறிக்கப்பட்டு நிற்கிறது. வீட்டுக்கார அம்மாவிடம் கேட்டு, சென்ற வாரம் அதன் பழங்களில் பன்னிரண்டை வாங்கி வந்தேன். அறுபத்து மூன்று விதைகள் தேறின. கழுவி, நிழலில் ஈரம் போக உலர்த்தி, பைகளில் ஊன்றியிருக்கிறேன். வேண்டுகிறவர்கள் ஆடி மாதத்தில் வந்து கன்று எடுத்துக்கொள்ளலாம். கொல்லையில் இடமிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாருங்கள்.