கையில் இருப்பது உறுதியா, வெறும் கடுதாசியா?



பென்சன் இல்லாத நமக்கு வயசான காலத்தில் கைக்கு வருவது ஈ.பி.எஃப். பணமும் சேவைக்காலப் பணமும்தான். அதை வைத்து ஒரு துண்டுக் காணி, ஒரு சின்ன வீடு வாங்கிவிட வேண்டும் என்பது பலருடைய ஆசை. நியாயமான ஆசைதான். ஆனால் முப்பது வருசம் கொழுந்து பறித்த காசு ஒரே நாளில் கைவிட்டுப் போவதையும் நாங்கள் பார்த்திருக்கிறோம்.

கொஞ்ச நாளைக்கு முன் ஒரு அம்மா எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். டவுனுக்குக் கிட்ட 12 பேர்ச்சஸ் காணிக்கு முழுக் காசையும் கொடுத்திருந்தார். கையில் இருந்தது முத்திரை ஒட்டிய ஒரு கடிதம். இரண்டு பேர் சாட்சி, ஒரு ஜே.பி.யின் சீல். அத்திவாரம் வெட்டும்போது இன்னொருவர் உறுதியோடு வந்து நின்றார். விற்றவர் அதே காணியை அவருக்கும் விற்று, நொத்தாரிசு மூலம் உறுதி முடித்துக் கொடுத்திருந்தார். "சீல் இருக்கே ஐயா, இது செல்லாதா?" என்று அந்த அம்மா கேட்டார். நல்ல பதில் சொல்ல எங்களால் முடியவில்லை.

இன்னொரு குடும்பத்துக்கு அப்படி நடக்கக் கூடாது. அதனால் நீங்கள் அடிக்கடி கேட்கிற கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறோம்.

ஜே.பி. சீல் வைத்த கடிதம் போதாதா?

போதாது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டப்படி, காணி விற்பனை எழுத்தில் இருக்க வேண்டும். ஒரு நொத்தாரிசும் குறைந்தது இரண்டு சாட்சிகளும் முன்னிலையில் இருக்கக் கையெழுத்து வைக்க வேண்டும். அதுதான் உறுதி. "பிறகு விற்றுத் தருகிறேன்" என்ற ஒப்பந்தத்துக்கும் இதே சட்டம்தான். வெறும் கடிதத்தை நம்பி அட்வான்ஸ் கொடுத்தால், அதைக் காட்டிக் காணியைக் கேட்க முடியாது. கொடுத்த காசைத் திருப்பி வாங்கவும் வழக்கென்று அலைய வேண்டி வரும்.

லயக் காம்பராவைக் காசு கொடுத்து வாங்கலாமா?

வேண்டாம். 1972ஆம், 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தில் பெரிய தோட்டங்கள் அரசுடமையாகின. 1992 முதல் கம்பெனிகள் நிர்வாகம் செய்தாலும், அந்தக் காணி அரசாங்கத்துக்குத்தான் சொந்தம். காம்பராவில் இருப்பவருக்குக் குடியிருக்கத்தான் இடம். தனக்குச் சொந்தம் இல்லாததை ஒருவர் எப்படி விற்க முடியும்? வீடமைப்புத் திட்டத்தில் கிடைத்த வீடு என்றால், முதலில் உறுதி இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் அதிலுள்ள நிபந்தனைகளை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

அரசாங்கம் கொடுத்த பேர்மிட் காணி என்கிறார்களே?

அதிலும் கவனம் வேண்டும். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வரும் காணியை நினைத்தபடி கைமாற்ற முடியாது. அளிப்புப் பத்திரம் இருந்தாலும், விற்கும் முன் பிரதேச செயலாளரின் எழுத்து மூல அனுமதி வேண்டும். அனுமதி இல்லாத விற்பனை செல்லாது. ஆகவே பத்திரத்தை எடுத்துக்கொண்டு முதலில் பிரதேச செயலகத்துக்குப் போங்கள்.

வாங்கும் முன் என்ன பார்க்க வேண்டும்?

விற்பவரின் உறுதியில் போட்டோ கொப்பி ஒன்று வாங்குங்கள். உங்களுக்காக வேலை செய்யும் நொத்தாரிசு ஒருவரிடம் கொடுத்து, காணிப் பதிவகத்தில் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். வழமையாக 30 வருடக் கதையைப் பார்ப்பார்கள். அதில் இவை தெரிய வரும்:

• காணி உண்மையில் விற்பவரின் பெயரில் இருக்கிறதா?
• வங்கியிலோ வேறு ஆளிடமோ ஈடு வைத்திருக்கிறதா?
• அண்ணன் தம்பிகளுக்கும் பங்கு இருக்கிறதா? தாய் தகப்பனுக்குச் சீவிய உரித்து இருக்கிறதா?

பதிவேட்டில் தெரியாததும் உண்டு. நேரில் போய்ப் பாருங்கள். யார் குடியிருக்கிறார், பாதை எந்தப் பக்கம், தண்ணி எங்கிருந்து வருகிறது என்று அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள். நில அளவையாளரின் பிளானும் எல்லைக் கல்லும் ஒத்துப் போக வேண்டும். 160 பேர்ச்சஸ் ஒரு ஏக்கர். ஒரு பேர்ச் 272 சதுர அடிக்குக் கொஞ்சம் கூட. கண்மதிப்பில் வாங்காதீர்கள். மலைச் சரிவாக இருந்தால், மண்சரிவு ஆபத்துப் பற்றித் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கையையும் கேளுங்கள். 2014 ஒக்டோபர் 29இல் மீரியபெத்தையில் நடந்ததை நாம் மறக்க முடியாது.

விலையைத் தவிர வேறு என்ன செலவு?

முத்திரைத் தீர்வை, நொத்தாரிசுக் கட்டணம், தேடுதல் செலவு, பதிவுக் கட்டணம், தேவைப்பட்டால் அளவைச் செலவு. விற்பனை உறுதிக்கு முத்திரைத் தீர்வை முதல் 1 இலட்சம் ரூபாவுக்கு நூற்றுக்கு 3, மிச்சத்துக்கு நூற்றுக்கு 4. அதன்படி 10 இலட்சம் பெறுமதியான காணிக்கு 3,000 ரூபாவும் 36,000 ரூபாவும் சேர்த்து 39,000 ரூபா. இதை வழமையாக வாங்குபவர்தான் கட்டுவார். காணிக்கே எல்லாக் காசையும் கொடுத்துவிட்டு, உறுதிச் செலவுக்குக் கடன் தேடாதீர்கள்.

உறுதி யாருடைய பெயரில்?

இருவரும் உழைத்த காசு என்றால் புருசன், பெண்சாதி இருவர் பெயரும் இருப்பது நல்லது. நம் ஆட்களுக்கு அடையாள அட்டையில் ஒரு பெயர், ஈ.பி.எஃப். புத்தகத்தில் ஒரு பெயர் இருப்பதுண்டு. உறுதி எழுதும் முன்பே அதைச் சொல்லிவிடுங்கள். பிள்ளைகள் காலத்தில் வம்பு வராது.

கையெழுத்து வைக்கும் நாளில்?

நொத்தாரிசுகளுக்கு எந்த மொழியில் உறுதி எழுதலாம் என்று உரிமம் இருக்கிறது. தமிழில் எழுதக்கூடியவரைத் தேடுங்கள். வேறு மொழியில் இருந்தால், முழுவதையும் தமிழில் விளக்கச் சொல்லுங்கள். கேட்பதில் வெட்கம் இல்லை. வாசிக்கத் தெரியாதவருக்கு வாசித்து விளக்குவது நொத்தாரிசின் கடமை. மிச்சக் காசை அங்கேயே, எல்லோரும் பார்க்கக் கொடுங்கள். கொடுத்த தொகை உறுதியில் எழுதப்பட வேண்டும்.

கையெழுத்து வைத்தால் வேலை முடிந்ததா?

இல்லை. பலர் கோட்டை விடுவது இங்கேதான். உறுதியைக் காணிப் பதிவகத்தில் பதிய வேண்டும். ஒரே காணியை இருவருக்கு விற்றால், ஏமாற்று இல்லாமல் விலை கொடுத்து வாங்கி முதலில் பதிந்தவருக்கே சட்டம் முதலிடம் கொடுக்கிறது. முதலில் எழுதினோம் என்று சொல்லிப் பயன் இல்லை. நொத்தாரிசு பதிவகத்துக்கு அனுப்பும் இரண்டாம் பிரதி வேறு, பதிவு வேறு. ஆகவே "பதிஞ்சாச்சா ஐயா?" என்று கேட்டு, பதிவு இலக்கமும் திகதியும் குறித்த மூல உறுதியைக் கையில் வாங்கும் வரை விடாதீர்கள். அதை எவரிடமும் அடகுக்குக் கொடுக்காதீர்கள்.

முன்னே தேடுங்கள், பின்னே பதியுங்கள். இந்த இரண்டையும் மறக்க வேண்டாம். விற்பவர் "நாளைக்கே அட்வான்ஸ் தராவிட்டால் வேறு ஆளுக்குக் கொடுத்துடுவேன்" என்று அவசரப்படுத்தினால், போகட்டும் என்று விடுங்கள். காணி இன்னொன்று கிடைக்கும், ஈ.பி.எஃப். பணம் இன்னொரு தடவை வராது.

அந்த அம்மா இன்னும் வழக்குக்கு நடந்துகொண்டிருக்கிறார். தன் கதையை எழுதச் சொன்னதும் அவர்தான். காசு கொடுத்த பின் அல்ல, கொடுக்கும் முன் உறுதியின் கொப்பியோடு எங்களிடம் வாருங்கள். நாம் சேர்ந்து பார்ப்போம்.