தோலும் துளையும் நரம்பும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

தொட்டிலுக்குத் தாலாட்டு, மணவறைக்கு மேளம், இறுதி ஊர்வலத்துக்குப் பறை என்று தமிழர் வாழ்வில் ஒலியில்லாத சடங்கு ஒன்றுமில்லை. ஆனால் அந்த ஒலி கருவிக்குள் எப்படிப் பிறக்கிறது என்று நாம் எண்ணிப் பார்ப்பது அரிது. இயற்பியல் மாணவனாகிய நானும் சென்ற ஆண்டு வரை எண்ணியதில்லை. எண்ண வைத்தது வகுப்பறையில் எழுந்த ஒரு சிரிப்பு.

முதலாண்டில் ஒலியியல் பாடம் நடந்துகொண்டிருந்தது. ஒழுங்கான அதிர்வால் பிறப்பது இசையொலி, ஒழுங்கற்ற அதிர்வால் பிறப்பது இரைச்சல் என்று கூறி ஆசிரியர் கரும்பலகையில் இரண்டு அலைகளை வரைந்தார். கடைசி வரிசையிலிருந்து நண்பர் ஒருவர், "அப்படியானால் தப்பு அடிப்பது இரைச்சல்தானே சார்?" என்றார். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். என் தந்தை தப்பு அடிப்பவர் என்பது அங்கே எவருக்கும் தெரியாது. ஆசிரியர் பதில் சொல்லும் முன் மணி அடித்துவிட்டது. அந்தக் கேள்விக்கு விடை தேடிச் சென்றபோது நான் கற்றுக்கொண்டவற்றை இங்கே ஆசிரியப் பெருமக்கள் முன்பும் சக மாணவர்கள் முன்பும் வைக்கிறேன்.

கருவிகளின் வகை

நம் முன்னோர் இசைக் கருவிகளைத் தோற்கருவி, துளைக்கருவி, நரம்புக்கருவி, கஞ்சக்கருவி என்று பிரித்தனர். மனிதக் குரலையும் மிடற்றுக்கருவி என்று சேர்த்துக்கொண்டனர். வடமொழி நாட்டிய சாத்திரமும் கருவிகளை நான்காகவே பகுக்கிறது. ஐரோப்பாவில் ஹார்ன்போஸ்டல், சாக்ஸ் என்னும் இரு அறிஞர்கள் 1914-ஆம் ஆண்டில் வெளியிட்ட வகைப்பாடும் ஏறக்குறைய இதே நான்குதான். காலமும் இடமும் வேறாயினும் கேட்கப்பட்ட கேள்வி ஒன்று: இக்கருவியில் முதலில் அதிர்வது எது? தோலா, காற்றா, நரம்பா, கருவியின் உடலேயா? இயற்பியலும் இந்தக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறது.

எந்தப் பொருளும் ஒரே ஓர் அதிர்வெண்ணோடு மட்டும் அதிர்வதில்லை. அடிப்படைச் சுரத்தோடு பல மேற்சுரங்களும் கூடவே எழுகின்றன. மேற்சுரங்களின் அதிர்வெண்கள் அடிப்படையைப்போல் 2, 3, 4, 5 மடங்கு என முழு எண்களாக அமைந்தால், காது அவை அனைத்தையும் ஒரே சுருதியாகக் கேட்கிறது. அவ்வாறு அமையாவிட்டால் சுருதி தெளிவாகத் தெரிவதில்லை. இந்த ஒரு செய்தியை மனத்தில் கொண்டு ஒவ்வொரு குடும்பமாகப் பார்ப்போம்.

நரம்புக் கருவிகள்

நமது ஆய்வுக்கூடத்தில் சோனாமீட்டரைத் தொடாதவர் இல்லை. கம்பியின் நீளத்தைப் பாதியாக்கினால் அதிர்வெண் இரு மடங்காகும். அதே இரு மடங்கை இழுவிசையால் பெற வேண்டுமானால் நான்கு மடங்கு எடையைத் தொங்கவிட வேண்டும். வீணையும் இந்த விதிக்கே கட்டுப்பட்டது. பிரடைகளை முறுக்குவது இழுவிசையை மாற்றுகிறது. 24 மெட்டுகளில் ஒன்றின் மேல் விரலை அழுத்துவது நீளத்தை மாற்றுகிறது. மெட்டின் மேலேயே கம்பியைப் பக்கவாட்டில் இழுத்தால் இழுவிசை கூடிக் கமகம் பிறக்கிறது.

ஆனால் மெல்லிய கம்பி தனியாக அதிர்ந்தால் பக்கத்தில் இருப்பவருக்கே சரியாகக் கேட்காது. கத்தி முனையால் காற்றை விசிற முயல்வது போன்றது அது. கம்பியின் அதிர்வைக் குதிரை வாங்கிப் பலாமரக் குடத்தின் மேற்பலகைக்குக் கொடுக்கிறது. பரந்த பலகை காற்றைத் தள்ளுகிறது. நாம் கேட்பது பலகையின் ஒலியையே.

வீணையின் குதிரை கத்தி முனைபோல் கூராக இல்லாமல் சற்றே வளைந்த பரப்பாக இருக்கிறது. கம்பியை எந்த இடத்தில் மீட்டுகிறோமோ, அந்த இடத்தைக் கணுவாகக் கொண்ட மேற்சுரங்கள் எழா என்பது பாடநூல் விதி. வீணையிலும் தம்பூராவிலும் அவையும் எழுகின்றன என்பதைச் சர் சி. வி. இராமன் 1921-இல் எடுத்துக்காட்டினார். வளைந்த குதிரையில் கம்பி தொட்டுத் தொட்டு விலகுவதே காரணம். தம்பூராவின் குதிரை மேல் கம்பிக்கு அடியில் ஒரு நூலை நுழைத்து இடம் பார்த்து வைப்பார்களே, அதுவும் இதற்காகத்தான்.

துளைக் கருவிகள்

புல்லாங்குழலில் அதிர்வது மூங்கில் என்று பலர் எண்ணுகின்றனர். அதிர்வது உள்ளே இருக்கும் காற்றுத் தம்பமே. உதட்டிலிருந்து வரும் மெல்லிய காற்றோட்டம் துளையின் எதிர் விளிம்பில் மோதி, உள்ளும் புறமும் மாறி மாறிச் சாய்கிறது. அந்தச் சாய்வு தம்பத்தின் அதிர்வுக்கு இசைந்தபோது குழல் பேசுகிறது. இரு முனையும் திறந்த 34 செ.மீ. நீளமுள்ள தம்பத்தை எடுத்துக்கொண்டால், ஒலியின் வேகம் நொடிக்கு 340 மீட்டர் எனக் கொள்ள, அதிர்வெண் 500 ஆகும். முனைத் திருத்தத்தைக் கணக்கில் எடுத்தால் சற்றுக் குறையும். விரலை எடுத்து ஒரு துளையைத் திறப்பது தம்பத்தின் நீளத்தைக் குறைப்பதற்குச் சமம்.

நாகசுரத்தில் விளிம்புக்குப் பதில் சீவாளி இருக்கிறது. நாணலின் இரு இதழ்கள் மூச்சின் அழுத்தத்தால் திறந்து மூடி, காற்றைச் சிறு சிறு துணுக்குகளாக வெட்டி உள்ளே அனுப்புகின்றன. குழாய் கூம்பு வடிவானது. உருளைக் குழாயின் ஒரு முனை மூடியிருந்தால் 1, 3, 5 என ஒற்றை மடங்குகளே கிடைக்கும். கிளாரினெட்டின் இயல்பு அது. கூம்புக் குழாயில் எல்லா மடங்குகளும் கிடைக்கின்றன. நாகசுர ஒலி அத்துணை நிறைவாக இருப்பதற்கும், கோவிலில் வாசித்தால் நான்கு வீதிக்கும் கேட்பதற்கும் இந்த வளமான மேற்சுரங்களே துணை. எங்கள் ஊர்ப் பக்கத்து நரசிங்கம்பேட்டையில் நாட்பட்ட ஆச்சாமரத்தில் நாகசுரம் கடைகிறார்கள். அந்த நாகசுரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது.

கஞ்சக் கருவிகள்

ஜால்ரா, சேகண்டி, கோவில் மணி ஆகியவற்றில் கருவியின் உடலே அதிர்கிறது. இழுத்துக் கட்ட ஒன்றுமில்லை. உலோகத்தின் விறைப்பே அதனை மீளச் செய்கிறது. இவற்றின் மேற்சுரங்கள் பெரும்பாலும் முழு மடங்குகளாக அமைவதில்லை. மணியை அடித்தபின் ரீங்காரம் ஏறி இறங்கி அலைவதைக் கேட்டிருப்பீர்கள். மணியின் வட்டம் முழுச் செம்மையாக இல்லாததால் நெருங்கிய இரண்டு அதிர்வெண்கள் எழுகின்றன. அவற்றின் விம்மலே அந்த அலைவு.

கடம் இரண்டு குடும்பத்துப் பிள்ளை. சுட்ட மண்ணாலான உடலை விரலால் தட்டினால் அது கஞ்சக்கருவி போல ஒலிக்கிறது. வாயை உள்ளங்கையால் அடித்தால் உள்ளிருக்கும் காற்று அதிர்ந்து ஆழ்ந்த ஒலி பிறக்கிறது. வகைப்பாடு நம் வசதிக்காகச் செய்தது. கருவி அதற்கு அடங்கி நடக்க வேண்டும் என்பதில்லை.

தோற்கருவிகள்

இனி என் கேள்விக்கு வருகிறேன். சீராக இழுத்துக் கட்டிய வட்டமான தோலின் அதிர்வெண்களைக் கணக்கிட்டால் 1, 1.59, 2.14, 2.30, 2.65, 2.92 என்று வருகின்றன. முழு எண் ஒன்றுமில்லை. ஆகவே சாதாரண முரசில் சுருதி தெளிவாக இராது. கேள்வி கேட்ட நண்பருக்குப் பாதி வெற்றி.

ஆனால் மிருதங்கத்தில் சுருதி சேர்க்கிறார்களே, அது எப்படி? சி. வி. இராமனும் சிவகாளி குமாரும் 1920-இல் 'நேச்சர்' இதழில் இதற்கு விடை எழுதினர். 1934-இல் இராமன் மேலும் விரிவாக எழுதினார். மிருதங்கத்தின் வலந்தலையில் ஒருவகைக் கல்லின் பொடியைச் சோற்றோடு பிசைந்து அடுக்கடுக்காகத் தேய்த்து ஏற்றிய கரணை இருக்கிறது. நடுவில் கனமும் ஓரத்தில் மெலிவுமாக அமைந்த அந்தச் சுமை, தோலின் ஒன்பது அதிர்வு முறைகளை 1, 2, 3, 4, 5 என்ற ஐந்து மடங்குகளுக்குள் ஒழுங்காகக் கொண்டு வந்து சேர்த்துவிடுகிறது. தோலின் மேல் மணலைத் தூவி, அது ஒதுங்கி நிற்கும் கோடுகளைக் கொண்டு இராமன் இதனைக் காட்டினார். கணக்கு வருவதற்குப் பல தலைமுறை முன்பே, காதை மட்டும் கருவியாகக் கொண்டு யாரோ இதைச் செய்து முடித்திருக்கின்றனர். அவர்கள் பெயர் எந்த நூலிலும் இல்லை.

இதைப் படித்துவிட்டுச் சென்ற விடுமுறையில் ஊருக்குப் போனேன். முதல் முறையாக அப்பாவிடம் அவர் தொழிலைப் பற்றிக் கேட்டேன். வேப்பமரச் சட்டம், அதில் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டிய கன்றுத் தோல், வலக்கையில் தடித்த அடிக்குச்சி, இடக்கையில் மெல்லிய மூங்கில் குச்சி. வைக்கோலைக் கொளுத்தித் தப்பைக் காய்ச்சிக்கொண்டிருந்தார். ஏன் காய்ச்ச வேண்டும் என்றேன்.

"பனி குடிச்ச தோலு பேசாது தம்பி. தண்ணி போனாத்தான் வாயத் தொறக்கும்" என்றார்.

பாடநூல் மொழியில் சொன்னால், ஈரம் உறிஞ்சிய தோல் தளர்ந்து இழுவிசை குறைகிறது, எடையும் கூடுகிறது. இரண்டும் சேர்ந்து அதிர்வெண்ணைத் தாழ்த்துகின்றன. காய்ச்சினால் ஈரம் போய்த் தோல் சுருங்கி இறுகுகிறது. இங்கே ஒரு புதுமையைக் காண்கிறோம். வீணைக் கம்பியைச் சூடாக்கினால் அது நீண்டு தளர்ந்து சுருதி இறங்கும். நாகசுரத்தின் காற்று சூடானால், டிகிரி ஒன்றுக்கு நொடிக்கு ஏறக்குறைய 0.6 மீட்டர் வீதம் ஒலியின் வேகம் கூடிச் சுருதி ஏறும். தோலும் சுருதி ஏறும். ஆனால் காரணம் வேறு. ஒரே வெப்பம் மூன்று குடும்பங்களில் மூன்று விதமாக வேலை செய்கிறது.

அப்பாவின் தப்பில் ஆற்று மணலைத் தூவி, ஒரு விரலால் தோலைத் தொட்டுக்கொண்டு மெல்லத் தட்டச் சொன்னேன். மணல் துள்ளித் துள்ளி, விரல் தொட்ட இடத்தின் வழியே ஒதுங்கியது. இராமன் கண்ட தெளிவான உருவம் அல்ல. ஆயினும் கோடு கோடுதான். அப்பா வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, நடுவில் அடித்தால் ஒரு சொல், ஓரத்தில் அடித்தால் ஒரு சொல், மூங்கில் குச்சிக்கு வேறொரு சொல் என்று அடித்துக் காட்டினார். நடுவில் அடித்தால் தாழ்ந்த அதிர்வு முறைகள் ஓங்குகின்றன. ஓரத்தில் அடித்தால் உயர்ந்தவை ஓங்குகின்றன. மெல்லிய குச்சி தோலைத் தொட்டிருக்கும் நேரம் குறைவு. அதனால் ஒலி கூர்மையாகிறது. இவற்றை அவர் பத்து வயதிலிருந்து அறிவார்.

விடை

தப்பின் ஒலி ஒழுங்கற்றதா? இல்லை. அதன் ஒவ்வோர் அதிர்வெண்ணும் தோலின் ஆரமும் இழுவிசையும் எடையும் விதித்த ஒன்று. அந்த ஒழுங்கு 1, 2, 3 என்ற ஒழுங்கு அன்று, அவ்வளவே. பறை என்ற சொல்லுக்கே சொல்லுதல் என்று பொருளுண்டு. சுரம் பாடுவது அதன் வேலையன்று. ஊருக்குச் செய்தி சொல்வதே அதன் வேலை. திடீரென எழுந்து, பரந்த அதிர்வெண்களை ஒருங்கே எழுப்பி, விரைவில் அடங்கும் ஒலிதான் அதற்கு ஏற்றது. 'இரைச்சல்' என்று பாடநூல் எழுதுவது அலையின் வடிவத்தைக் குறிக்கும் சொல். அதை அடிப்பவனின் தகுதியைக் குறிக்கும் சொல்லாக அன்று நாங்கள்தான் மாற்றிக்கொண்டோம்.

அன்று சிரித்தவர்களில் நானும் ஒருவன். ஆகவே இந்த விடையை எழுத வேண்டிய கடமையும் எனக்கு உண்டு. நண்பர்களே, அடுத்த முறை தெருவில் தப்பொலி கேட்டால் ஒரு நொடி நின்று, அடி நடுவில் விழுகிறதா ஓரத்தில் விழுகிறதா என்று செவி கொடுத்துப் பாருங்கள். அடிப்பவர் என் தந்தையாகவும் இருக்கக்கூடும்.