பாஞ்சோவும் அதன் பயிற்சியும்

இசைக்கருவிகளைத் தோற்கருவி, துளைக்கருவி, நரம்புக்கருவி, கஞ்சக்கருவி என வகுத்துக் கூறுதல் நம்மவர் மரபு. இவ்வகுப்பை மனனஞ் செய்த மாணவன் ஒருவன் கையிலே அமெரிக்க நாட்டுப் பாஞ்சோவைக் கொடுத்தால், இது தோற்கருவியோ நரம்புக்கருவியோ என அவன் திகைப்பான். வளையமொன்றில் முரசுபோல இழுத்துக் கட்டிய தோல், தோலின்மேல் குதிரை, குதிரையின்மேல் தந்திகள். தந்தியின் அதிர்வு குதிரை வழியாகத் தோலிற் சென்று பேரொலியாகின்றது. ஆயின் விரைவில் அடங்கிவிடுகின்றது. வீணையின் நாதம்போல நீண்டு நிற்பதில்லை. இக்குறுகிய ஒலியே பாஞ்சோவின் குணமும் குறையும். அதனை வாசிக்கும் முறை பெரும்பாலும் இதிலிருந்தே பிறந்தது எனலாம்.

பைலாப் பாட்டுக்களினாற் பாஞ்சோ என்னும் பெயர் நம் நாட்டிலும் பழகியதே. தட்டெழுத்துப் பொறி போன்ற விசைகளையுடைய புல்புல்தாராவையும் சிலர் இப்பெயரால் வழங்குவர். அது யப்பானிய தைஷோகோத்தோவின் வழிவந்தது. அதனை ஈண்டு விடுத்து ஐந்து தந்திப் பாஞ்சோவையே எடுத்துக்கொள்வோம்.

ஐந்தனுள் நான்கு தந்திகள் கழுத்தின் முழு நீளமுஞ் செல்வன. ஐந்தாவது குறுந்தந்தி, கழுத்தின் இடையிலே ஐந்தாம் மெட்டருகில் உள்ள பிருடையிலிருந்து தொடங்குவது. கட்டைவிரலுக்கு உரியது இதுவே. பெரிதும் வழங்கும் சுருதிக் கூட்டலை நம் முறையிற் சொல்வதாயின், நெடுந்தந்திகள் மந்தர பஞ்சமம், மத்திய சட்சம், அந்தர காந்தாரம், பஞ்சமம் என நிற்கும், குறுந்தந்தி மேற்சட்சம். இடக்கை விரல் ஒன்றையும் வையாது மீட்டினும் இன்னொலி பிறக்கும். தொடக்க மாணவர்க்கு இஃது எத்துணை ஊக்கம்! வீணை பயில்வோர் சுண்டுவிரலால் மீட்டும் தாளத்தந்திகளின் தொழிலையே இங்குக் கட்டைவிரல் செய்கின்றது.

பழைய முறையிலே விரல்களை மடக்கி, சுட்டுவிரல் அல்லது நடுவிரல் நகத்தின் புறத்தால் தந்தியைக் கீழ்நோக்கி அடித்தல் வேண்டும். முதலடி ஒரு தந்தியில். அடுத்த அடி பல தந்திகளையுந் தழுவி. உடனே கட்டைவிரல் குறுந்தந்தியை ஒலிப்பிக்கும். முதலடிக்கு இரண்டு மாத்திரை. பின்னவை இரண்டுக்கும் ஒவ்வொரு மாத்திரை. யாப்புப் பயின்ற நம் மாணவர்க்கு இது புதிதன்று. நெடில் ஒன்று, குறில் இரண்டு; 'பாடுக' என்னுஞ் சொல்லை இடையறாது சொல்லிக்கொண்டு அடித்தாற் கை பழகிவிடும். நேர்நிரை கூவிளம் அன்றோ! அமெரிக்க ஆசிரியரும் 'பம் டிட்டி' என்னுஞ் சொற்கட்டினாலேயே இதனைப் புகட்டுவர். பல நாள் வலக்கையை மட்டும் பழக்குதல் நன்று. முதல் வாரமே பாட்டொன்றை வாசித்துவிட அவாவும் மாணவரின் தாளம் எப்படிச் சிதறும் என்பதை மிருதங்கம் பயிற்றுவோர் நன்கறிவர்.

மூவிரல் முறை வேறு. விரல்களில் நகக்கவசம் பூண்டு சுரங்களை மணிமணியாக உதிர்ப்பது அது. 1945இல் பில் மன்றோவின் குழுவிற் சேர்ந்த ஏர்ள் ஸ்கிரக்ஸ் இதனை நாடறியச் செய்தார். செவிக்கு இனிது, ஆயினும் தொடக்கத்துக்கு உரியதன்று என்பது எம் துணிபு.

பீற் சீகர் 1948இல் றோணியோ முறையில் தாமே வெளியிட்ட பாஞ்சோப் பாடநூல், ஆசிரியர் இல்லாத இடங்களிலும் பலரை வாசிக்கச் செய்தது. ஆனால் இக்கருவி நூலால் வளர்ந்ததன்று. மேற்காபிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டு செல்லப்பட்டோர் சுரைக்குடுக்கையிலே தோல் போர்த்துச் செய்த கருவியே இதன் மூதாதை. கம்பியா, செனெகல் நாடுகளில் ஜோலா மக்கள் வாசிக்கும் அக்கொன்ரிங்கிலும் குறுந்தந்தி உண்டு. நகத்தாற் கீழ்நோக்கி அடித்தலும் உண்டு. அடிமைகள் இதனை ஆபிரிக்காவிலிருந்து கொணர்ந்தனர் எனத் தோமஸ் ஜெபர்சன் வர்ஜீனியா பற்றிய தம் நூலிலே எழுதினார். அவர்தாமே அடிமைகளை உடைமையாகக் கொண்டிருந்தவர்! 1840களில் வெள்ளையர் முகத்திற் கரி பூசிக் கறுப்பு மக்களை எள்ளி நடித்த மேடைகளிலே பாஞ்சோ பெரும்புகழ் பெற்றது. அவ்வேளனமும் ஒரு காரணமாக, முன்னோர் கருவியைக் கறுப்பு மக்களுட் பலர் பிற்காலத்திற் கைவிட்டனர்.

கைவிடாதாரும் இருந்தனர். வட கரோலைனாவின் மீபேன் என்னும் ஊரில் ஜோ தொம்சன் என்ற கறுப்பின முதியவர், பாஞ்சோவுடன் இணைந்து பிடில் வாசிக்கும் குடும்ப மரபைக் காத்து வந்தார். உடன் பாஞ்சோ வாசித்த உறவினர் ஓடெல் 1994இல் இறந்துவிட்டார். 2005இல் றியானன் கிடன்ஸ், டொம் பிளெமன்ஸ், ஜஸ்ரின் றொபின்சன் என்னும் இளைஞர் மூவர் தொம்சனைத் தேடிச் சென்றனர். அப்போது அவருக்கு எண்பது வயது கடந்திருந்தது. வாரந்தோறும் அவர் வீட்டிற் கூடினர். பாடத்திட்டம் இல்லை, சுரக்குறிப்பு இல்லை. அவர் வாசிப்பார், இவர்கள் உடன் வாசிப்பர். ஒரே பாட்டைப் பல சுற்று வாசித்தல் அந்நாட்டு நடன இசையின் வழக்கம். கேட்போர்க்குச் சில வேளை அலுப்புத் தட்டலாம். வாசிப்போர்க்கோ அச்சுழற்சியே இன்பம். பிடில் வில்லின் போக்கைச் செவியாற் பற்றிப் பாஞ்சோக் கை அதனோடு செல்லுதற்கும் அத்தனை சுற்றும் வேண்டியவையே.

இம்மூவர் குழு 2010இல் வெளியிட்ட இசைத்தொகுப்புக்கு அடுத்த ஆண்டு கிராமி விருது கிடைத்தது. தொம்சன் 2012இல் மறைந்தார். 2024இல் உலகெங்கும் ஒலித்த, பியோன்சேயின் 'ரெக்சஸ் ஹோல்டம்' என்னும் பாட்டிலே பாஞ்சோ வாசித்தவர், அவ்வீட்டிற் பயின்ற கிடன்ஸ்.