வீட்டுக்கு இன்னும் எவ்வளவு தூரம்?

யூலை மாதத்தில் ஒரு நாள். காலை ஏழு மணி. டென்மார்க்கின் ரொட்பி துறைமுகத்தில் எங்கள் வீட்டு வண்டி கப்பலுக்காக வரிசையில் நின்றது. நோர்வே, சுவீடன், டென்மார்க் என்று நான்கு வாரங்கள் சுற்றிவிட்டோம். இன்று கடைசி நாள். கடலைத் தாண்டி, இன்னும் 450 கிலோமீற்றருக்கு மேல் ஓடினால் ஹம் நகரில் எங்கள் வீடு. அங்கே அம்மம்மா காத்துக்கொண்டிருந்தார்.

வண்டியில் நாங்கள் ஆறு பேர். அப்பா, அம்மா, அண்ணா, நான், வீமன், சுட்டி. வீமனும் சுட்டியும் நாய்கள். வீமனுக்குப் பன்னிரண்டு வயது. காது கொஞ்சம் மந்தம், மூக்கு மட்டும் நல்ல கூர்மை. சுட்டிக்கு இரண்டு வயது. அவளுக்கு நடக்கவே தெரியாது, ஓடத்தான் தெரியும்.

நாய்களுக்கும் கடவுச்சீட்டு உண்டு, தெரியுமா? அது ஐரோப்பிய ஒன்றியத்தின் நீல நிறச் சிறு புத்தகம். விசர்நாய்க்கடி நோய்க்கு ஊசி போட்ட நாள் அதில் இருக்கும். நோர்வேக்குப் போகும் நாய்க்கு நாடாப்புழு மருந்தும் கொடுக்க வேண்டும். எல்லையைக் கடப்பதற்கு 24 மணித்தியாலம் முதல் 120 மணித்தியாலம் வரை முன்னதாக, மிருக வைத்தியர் அதைக் கொடுத்துப் புத்தகத்தில் எழுதுவார். வீமன் அந்த மாத்திரையை மூன்று முறை துப்பினான். நான்காவது முறை அம்மா அதை மீன் துண்டுக்குள் ஒளித்து வைத்தார்.

கப்பல் பயணம் 45 நிமிடம். மேல்தட்டில் நின்றபடி அப்பா ஒரு கதை சொன்னார். யேர்மனியின் தெற்கே இஸ்னி என்ற ஊரில் அரிஸ்ட் டெத்லெப்ஸ் என்று ஒருவர் இருந்தார். சவுக்கும் பனிச்சறுக்குத் தடியும் விற்பதற்காக அவர் ஊர் ஊராகப் போவார். அவருடைய பிரிடெல் ஓர் ஓவியர். அவருக்கும் கூடவே பயணம் போக ஆசை. அதனால் அரிஸ்ட் 1931 இல் காரின் பின்னால் இழுத்துச் செல்லும் ஒரு சின்ன வீட்டைக் கட்டினார். யேர்மனியில் சில்லு பூட்டிய வீடுகளின் கதை அப்படித்தான் தொடங்கியது.

"அவையளும் நாய் கூட்டிக்கொண்டு போனவையோ?" என்று கேட்டேன்.

"அது எனக்குத் தெரியாது பிள்ளை," என்று அப்பா சிரித்தார்.

புட்கார்டன் துறைமுகத்தில் இறங்கினோம். அது பேமார்ன் தீவில் இருக்கிறது. தீவையும் பெருநிலத்தையும் இணைக்கும் பாலம் 963 மீற்றர் நீளம். 1963 இல் திறக்கப்பட்டது. தூரத்தில் இருந்து பார்த்தால் உடுப்புக் கொழுவும் மாட்டி போலவே இருக்கும்.

பாலத்தின் மேல் போகும்போதே நான் கேட்டேன்: "அப்பா, வீட்டுக்கு இன்னும் எவ்வளவு தூரம்?"

"இப்பத்தானே பிள்ளை கப்பலாலை இறங்கினது!"

லூபெக் கடந்தது. ஹம்பேர்க் கடந்தது. வெயில் ஏறியது. வீமன் வயதானவன். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை இறங்கி நடக்காவிட்டால் அவன் கால்கள் விறைத்துவிடும். எனக்கோ அவசரம்.

"இப்பவும் நிக்க வேணுமோ? வீட்டை போய் இறங்கலாம்தானே!" என்று முணுமுணுத்தேன். நான்கு வாரமாக அவனுக்காக நின்றபோது எனக்குக் கோபம் வந்ததில்லை. அன்று வந்தது.

பிறேமனுக்கு முன்னால் ஓர் ஓய்விடத்தில் அப்பா வண்டியை நிறுத்தினார்.

"ஐஞ்சு நிமிசம்தானே, நாயளை உள்ளை விட்டிட்டுப் போவம்," என்றார் அண்ணா.

"வேண்டாம் தம்பி. இந்த வெயிலுக்கை ஒரு நிமிசமும் வேண்டாம்," என்றார் அம்மா. அம்மா சொன்னது சரி. வெளியே 20 பாகை வெப்பம் இருந்தாலே, பூட்டிய காருக்குள் அரை மணித்தியாலத்தில் 35 பாகையைத் தாண்டிவிடும். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது.

எங்கள் வண்டியில் ஒரு சட்டம் இருந்தது. முதலில் கயிறு, பிறகு கதவு. நான்கு வாரமாக யாரும் அதை மீறவில்லை. அன்று நான் முதலில் கதவைத் திறந்தேன்.

பக்கத்தில் ஒரு பாரவூர்தி 'புஸ்ஸ்' என்று காற்றை விட்டது. சுட்டி மிரண்டாள். என் காலுக்கு மேலால் பாய்ந்து, கழிப்பறைக் கட்டடத்துக்குப் பின்னால் ஓடி மறைந்தாள்.

"சுட்டி! சுட்டி!" நான் கத்திக்கொண்டு ஓடினேன். அந்தப் பாரவூர்தியின் சாரதி கையைக் காட்டி என்னை மறித்தார். "ஓடாதே! பயந்த நாயைத் துரத்தினால் அது இன்னும் தூரம் ஓடும். அந்தப் பக்கம் நெடுஞ்சாலை," என்றார்.

அப்பா 110 ஐ அழைத்துப் பொலிசாரிடம் சொன்னார். அம்மா சுட்டியின் போர்வையை அவள் இறங்கிய இடத்திலேயே விரித்தார். பயத்தில் ஓடும் நாய்கள் பல வேளைகளில் ஓடிய இடத்துக்கே திரும்பி வரும். சிறிது நேரத்தில் வண்டி வானொலியில் பாட்டு நின்றது. ஏ 1 நெடுஞ்சாலையில், பிறேமன் பக்கமாக, ஒரு நாய் ஓடித்திரிகிறது, சாரதிகளே கவனம் என்று ஒரு குரல் சொன்னது. அது எங்கள் சுட்டி. நான் காதைப் பொத்திக்கொண்டேன்.

"அவளுக்குச் சிப் இருக்குத்தானே அப்பா? அதை வைச்சு எங்கை நிக்கிறாள் எண்டு பாக்கலாம்தானே?"

"ஏலாது பிள்ளை."

பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள். அந்தச் சிப் ஓர் அரிசிமணி அளவுதான். தோலுக்கு அடியில் இருக்கும். அதில் மின்கலம் இல்லை. நாய் நிற்கும் இடத்தை அது சொல்லாது. கருவியைக் கிட்டப் பிடித்தால் 15 இலக்க எண் ஒன்று தெரியும், அவ்வளவுதான். அந்த எண்ணைத் தாசோ போன்ற பதிவகத்தில் எங்கள் பெயருடன் பதிந்திருந்தால்தான், கண்டெடுத்தவர்கள் எங்களைத் தேடிப் பிடிக்கலாம்.

அம்மா பதிவகத்துக்குத் தொலைபேசி எடுத்தார். பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் முகம் மாறியது. "இஞ்சருங்கோ, பதிவிலை பழைய வீட்டு விலாசம்தான் கிடக்கு. பழைய நம்பரும்தான்."

நாங்கள் வீடு மாறி ஒரு வருடம் ஆகிவிட்டது. யாருக்கும் அது நினைவில்லை.

அரை மணித்தியாலம் போனது. வீமனை நிழலில் படுக்க வைத்தோம். அவன் படுக்கவில்லை. விறைத்த கால்களை இழுத்து நடந்து, போர்வையில் போய் இருந்தான். மூக்கை உயர்த்தினான். பிறகு ஒரே ஒரு முறை, அடித்தொண்டையில் குரைத்தான்.

வேலியோரப் புதர் அசைந்தது. சுட்டி வயிற்றால் ஊர்ந்து வந்தாள். என்னிடம் வரவில்லை, அம்மாவிடமும் வரவில்லை. நேரே வீமனின் முன்கால்களுக்கு இடையில் தலையை நுழைத்தாள். அண்ணா மெதுவாகக் குனிந்து கயிற்றைக் கொழுவினார். அப்பா மறுபடியும் 110 ஐ அழைத்து, நாய் கிடைத்துவிட்டது என்று சொன்னார்.

அதன் பிறகு வீமனுக்காக இரண்டு முறை நின்றோம். தூரம் எவ்வளவு என்று நான் கேட்கவில்லை. மாலை ஆறு மணிக்கு ஹம் ஸ்ரீ காமாட்சி அம்பாள் ஆலயத்தின் பக்கமாக வந்தோம். 17 மீற்றர் உயரக் கோபுரத்தைக் கண்டதும் அம்மா கைகூப்பினார். வீட்டு வாசலில் புட்டு வாசம் வந்தது.

"எல்லாரும் களைச்சுப் போய் வந்திருக்கிறியள். முதல்லை சாப்பிடுங்கோ," என்றார் அம்மம்மா.

"கொஞ்சம் பொறுங்கோ அம்மா. இதை முடிச்சுப்போட்டு வாறன்," என்று அம்மா கணினியைத் திறந்தார். "பிள்ளை, அந்த நீலப் புத்தகத்தை எடு. நம்பரை ஆறுதலாத் தமிழிலை வாசி."

நான் சுட்டியின் கடவுச்சீட்டை விரித்தேன். யேர்மன் நாய்களின் எண்கள் பெரும்பாலும் 276 என்றே தொடங்கும்.

"இரண்டு... ஏழு... ஆறு..."

பதினைந்து இலக்கங்களையும் இரண்டு தரம் வாசித்தேன். மேசைக்கு அடியில் சுட்டி வீமனில் சாய்ந்து குறட்டை விட்டாள்.

பயிற்சி

1. பேச்சுத் தமிழில் உள்ள இவற்றை எழுத்துத் தமிழில் எழுதுக: "இப்பத்தானே கப்பலாலை இறங்கினது." "இதை முடிச்சுப்போட்டு வாறன்."
2. சிப் இருந்தும் அன்று அது ஏன் உதவியிருக்காது? இரண்டு காரணங்கள் கூறுக.
3. சுட்டி ஏன் முதலில் வீமனிடம் போனாள்? நீங்கள் நினைப்பதை எழுதுக.
4. 450, 963, 1963 ஆகிய எண்களைச் சொற்களில் எழுதி, உரக்க வாசிக்க.